பயப்படாதடி

அந்த 'டி' அங்கே எதற்கு? "அரசி, பயப்படாதடி, நாங்க இருக்கோம்" என்று முடிகிறது அவளோடு கல்லூரியில் படித்த பிரிட்டோவின் பதிவு. பயப்படாதே என்று நிறுத்தியிருக்கலாம். பயப்படாதீங்க என்று மரியாதையாகவும் எழுதியிருக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. கூட்டுறவு வங்கியில் உதவி மேலாளர், கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் தில்லைநாயகத்தின் மனைவி, டெங்குவில் நாலு நாளாகக் கஞ்சிகூட இறங்காமல் படுத்திருப்பவள், அவளைப் போய் ஒருவன் ஃபேஸ்புக்கில் ஊரறிய 'டி' போட்டுக் கூப்பிடுகிறான், அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், ஒருத்தருக்காவது அந்த எழுத்து உறுத்தவில்லை. எனக்கு உறுத்துகிறது. ரத்த வங்கியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு உள்ளே துவரங்குறிச்சியிலிருந்து வந்த காதர் மைதீன் சாய்ந்து படுத்திருக்கிறார். அவர் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போகிறது, பிளேட்லெட்டை மட்டும் மேலே தொங்கும் பையில் விட்டுவிட்டு மீதி அவருக்கே திரும்பி வருகிறது. பை நிறைய ஒரு மணி நேரமோ கூடுதலோ ஆகுமாம். நிறைந்ததும் மூன்றாம் மாடிக்குப் போகும், என் மனைவி மங்கைக்கு ஏறும். என்னுடைய வேலை உட்கார்ந்திருப்பது. என் ரத்தம் ஏ பாசிட்டிவ், ஒன்றுக்கும் உதவாது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். உதவாது என்று சொன்ன பெண் சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள்.

நானும்தான் பதிவு போட்டேன். முதலில் போட்டவன் நான்தான், அதை யாரும் மறுக்க முடியாது. நேற்றுக் காலை டாக்டர் வந்து கவுண்ட் ரொம்ப இறங்கிவிட்டது சார், பி நெகட்டிவ் பிளேட்லெட், இருப்பு இல்லை, ஊரே டெங்குவில் கிடக்கிறது, ஒரு ஆளைத் தேடிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அவர் அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் நான் ஃபோனை எடுத்துவிட்டேன். அந்த அவசரத்திலும் பிழையில்லாமல் எழுதினேன். 'அன்புடையீர், டெங்குக் காய்ச்சலால் நலிவுற்றிருக்கும் என் துணைவியார் திருமதி தி. மங்கையற்கரசி அவர்களுக்குக் குருதித் தட்டணுக்கள் உடனடியாகத் தேவைப்படுகின்றன. பி எதிர்மறைக் குருதிப் பிரிவினர் அருள்கூர்ந்து தொடர்புகொள்க.' இதில் என்ன குறை? முதல் பின்னூட்டம் உடனே வந்தது, என் பழைய மாணவன். 'அருமையான பதிவு ஐயா.' அடுத்தது, 'தங்கள் தமிழுக்குத் தலைவணங்குகிறேன்.' அதற்கடுத்து ஓய்வுபெற்ற எங்கள் துறைத்தலைவர் எழுதினார், தட்டணு என்பதைவிடச் சிறுதட்டு என்பதே பொருந்தும், கலைச்சொல் அகராதியைப் பார்க்கவும் என்று. அதற்குக் கீழே இன்னொருவர் அவருடன் சண்டைக்குப் போனார், சிறுதட்டு என்றால் சாப்பிடும் தட்டு என்றல்லவா நினைப்பார்கள் என்று. நான் அந்தச் சண்டையை ஒதுக்கிவிட்டுத் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தேன். மதியம் வரை ஒரே ஓர் அழைப்பு, வீட்டுக்கடன் வேண்டுமா என்று. சாயங்காலம் ஒரு அம்மாள் ஆறுதல் எழுதினார், 'எதிர்மறையாக எண்ணாதீர்கள் ஐயா, நேர்மறையாக எண்ணுங்கள், எல்லாம் நல்லபடி நடக்கும்.' பி எதிர்மறை என்று நான் எழுதியதை அவர் என் மனநிலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு நன்றி எழுதினேன். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். புத்தி அப்படி.

பிரிட்டோ எழுதியது இது. 'டேய் மக்கா, நம்ம சு. மங்கையற்கரசி, அதான் நம்ம அரசி, டெங்குல கெடக்குறாடா. பிளேட்லெட் வேணும். பி நெகட்டிவ். நேத்து நைட்லேர்ந்து ஈறுல ரத்தம் வருதாம். எவனாவது இருந்தா ஓடி வாங்க, இல்லாதவன் ஷேர் பண்ணு. அரசி, பயப்படாதடி, நாங்க இருக்கோம்.' அவ்வளவுதான். எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம், பரீட்சையில் எழுதியிருந்தால் பாஸ்மார்க் போடமாட்டேன். இன்று விடிவதற்குள் துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பகிர்ந்துவிட்டார்கள். மணப்பாறைக்காரர் ஒருவர், என் குரூப் இல்லை ஆனால் என் மச்சான் குரூப், இதோ கேட்கிறேன் என்கிறார். பாலக்கரையில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறவனுக்கு இத்தனை ஜனமா? இவன் யாருக்கெல்லாம் கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துக் கொடுத்தானோ அவர்களெல்லாம் வந்து நிற்கிறார்கள் போல. சரி, ஆள் வந்தார், அதுதான் முக்கியம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன், பத்துத் தடவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சு. யார் அந்த சு.? சுப்பையா, என் மாமனார், செத்து ஒன்பது வருஷமாகிறது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் தி. மங்கையற்கரசி. ரேஷன் அட்டையில் தி., வங்கியில் தி., இந்த ஆஸ்பத்திரியின் கட்டிலில் தொங்கும் அட்டையில் தி. இருபத்திரண்டு வருஷத்தை ஒரே எழுத்தில் துடைத்துப் போட்டுவிட்டான் படுபாவி. அவனைப் பொறுத்தவரை நான் இன்னும் பிறக்கவே இல்லை.

அப்புறம் அந்த அரசி. நான் அவளை மங்கை என்றுதான் கூப்பிடுவேன். என் அம்மா மங்கை, அக்கா மங்கை, எல்லோருக்கும் மங்கை. பேரின் பின்பாதி ஒன்று சும்மா கிடந்ததே, அதை ஒரு கூட்டம் எடுத்துப் புழங்கிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. பின்னூட்டங்களை இறக்கிக்கொண்டே போகிறேன். போகாதே, போகாதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், கட்டைவிரல் கேட்டால்தானே. 'அரசியா? சிரிச்சா கிளாஸே அதிருமே, அந்த அரசியா?' என்று ஒருவன். 'ஹெச்.ஓ.டி. மாதிரி நடிச்சுக் காட்டுவாளே' என்று ஒருத்தி. 'அரிசி சீக்கிரம் குணமாகணும்' என்று ஒருவர் ஃபோன் திருத்தியதைப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார், அதற்கு யாரோ பொன்னியா ஐ.ஆர். இருபதா என்று கேட்டிருக்கிறார்கள், அதற்கு முப்பது பேர் சிரித்திருக்கிறார்கள். என் பெண்டாட்டி ஈறில் ரத்தம் வழியப் படுத்திருக்கிறாள், இவர்களுக்கு அரிசி ஜோக். ஆனால் அவள் பார்த்தால் அவளும் சிரிப்பாள் என்று தோன்றுகிறது, அதுதான் எரிகிறது. வகுப்பே அதிரும்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. என் வீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அடக்கமான பெண் என்று நான் நினைத்திருந்தேன், என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். பொத்திய கைக்கு உள்ளே ஒரு சத்தம் இருந்திருக்கிறது. அதை இந்த மணப்பாறைக்காரனும் துபாய்க்காரனும் கேட்டிருக்கிறார்கள், நான் கேட்கவில்லை. யாரையும்விட அதிக நாள் அவள் பக்கத்தில் இருந்தவன் நான், எனக்குக் கிடைத்தது பொத்திய சிரிப்பு.

ஒருமுறை அவனைப் பார்த்திருக்கிறேன். காந்தி மார்க்கெட்டில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், தொப்பையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஸ்கூட்டரில் வந்து நின்றான். "என்கூடப் படிச்சவன்ங்க, பிரிட்டோ" என்று அறிமுகப்படுத்தினாள். அந்த 'ங்க' எனக்கு. அவனுக்கு வெறும் 'படிச்சவன்'. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. நமக்கு மரியாதை, அவன் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு கொத்தமல்லிக்கட்டைப் பையில் போட்டேன். எவ்வளவு பெரிய மடையன். மரியாதை கொடுத்துத் தள்ளி உட்காரவைப்பது என்பது நம்மவர்களுக்குக் கைவந்த கலை, சம்பந்தி வீட்டில் செய்வது அதுதானே, வாங்க வாங்க என்று நாற்காலி போட்டுக் கூடத்தில் உட்காரவைப்பார்கள், பேச வேண்டியதை அடுப்படியில் பேசுவார்கள். நான் இத்தனை வருஷம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என்னங்க, வாங்க, சாப்பிடுங்க, படுங்க. என் குற்றமா அது? நானும் அவளை வாம்மா போம்மா என்றுதானே சொல்கிறேன், ஒருநாள்கூட டி போட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை அடிக்கும்போதுதான் டி வரும். அதனால் அந்த எழுத்தை வாயில் வைக்கக்கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அது இன்னொரு இடத்தில் இப்படியும் இருக்கும், பயப்படாதடி என்று ஒரு கை தோளில் விழுகிற மாதிரி இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இலக்கணத்தில் அதெல்லாம் இல்லை.

உள்ளே காதர் மைதீன் கையைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். கொடுத்த பந்தை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனுஷர். செருப்புக்கடை, இன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். காலையில் வாசலில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "பிரிட்டோ அண்ணனா?" என்றார். இல்லை, நான் அவங்க வீட்டுக்காரர் என்றேன். "ஓ" என்றார். "சரிங்க சார்" என்றார். மலர்ந்தது கொஞ்சம் வாடிவிட்டது, நான் பார்த்தேன், என் கண்ணுக்குத் தப்பாது. அப்புறம் சமாளித்துக்கொண்டு, "அக்கா எப்படி இருக்காங்க? ஈறுல ரத்தம் நின்னுருச்சா?" என்று கேட்டார். நின்றதா என்று எனக்குத் தெரியவில்லை. வந்ததே எனக்குத் தெரியாது. அதுதான், அதுதான் விஷயம், அங்கே வந்துதான் ஒவ்வொரு தடவையும் இடித்துக்கொள்கிறேன். என் மனைவியின் ஈறில் ரத்தம் வருவதை நான் ஃபேஸ்புக்கில் படித்துத் தெரிந்துகொண்டேன். நேற்று முன்னிரவில் பார்வையாளர் நேரத்தில் போனபோது கைக்குட்டையை வாயில் வைத்திருந்தாள். என்னம்மா என்றேன். "வாய் கசக்குதுங்க, ஒண்ணுமில்ல, நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். இட்லி என்றேன். எத்தனை இட்லி என்றுகூடக் கேட்டாள், சொன்னேன். கைக்குட்டையின் நிறத்தை ஏன் பார்க்கவில்லை? மங்கிய வெளிச்சம். இல்லை, வெளிச்சத்தின் மேல் பழி போடாதே. அவள் ஒண்ணுமில்ல என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

பிரிட்டோவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சுந்தரேசன்தான். என் மைத்துனன், ஓசூரில் இருக்கிறான், தங்கையோடு தினம் பேசுவான். அவனிடம் அவள் சொல்லியிருப்பாள், அண்ணன் என்றால் சொல்வதுதானே, அவன் பிரிட்டோவுக்குச் சொல்லியிருப்பான், அவனும் அதே கல்லூரிதான். அப்படித்தான். வேறு மாதிரி இருக்க வழியில்லை. ஒரு ஃபோன் போட்டு சுந்தரேசனைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கப் போவதில்லை. அவன் நான் சொல்லலையே மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டால் அப்புறம் இந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. ரத்தக் குரூப்? அதுவும் கல்லூரி முகாமில் எல்லோருக்கும் எடுத்திருப்பார்கள், என்.எஸ்.எஸ். முகாம், இவன்தான் தலைவனாக இருந்திருப்பான், சீட்டியடித்துக்கொண்டு. நான் அவளுடைய குரூப்பை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதனால் என்ன, எத்தனை புருஷன்மார்களுக்குத் தெரியும், கணக்கெடுத்துப் பார்க்கட்டும். இதோ இன்னொரு பின்னூட்டம், பப்பாளி இலைச் சாறு கொடுங்கள் என்று. அதற்குக் கீழே நிலவேம்புதான் என்று ஒருவர். இரண்டும் வேண்டாம் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று ஒருவர், அவரை நீ மருந்துக் கம்பெனி ஆளா என்று இரண்டு பேர். கொசு மருந்து அடிக்கவில்லை என்று ஆட்சியைத் திட்டுகிறவர் ஒருவர், போன ஆட்சியில் மட்டும் அடித்தார்களா என்று ஒருவர். ஒரு ஜெபக்குழு. ஒரு தர்கா நேர்ச்சை. சமயபுரத்தாள் படம். எல்லாம் அவன் பதிவைச் சுற்றித் திருவிழா மாதிரி நடக்கிறது. என் பக்கத்தில் இன்னும் அந்தச் சிறுதட்டுச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது தொல்காப்பியம் வரை போய்விட்டார்கள்.

ஒருவேளை, ஒருவேளை என்று மனசு ஒரு இடத்துக்குப் போகிறது, போகக்கூடாத இடம். ஒருவேளை பை நிறைந்தும் போதாமல் போனால். பக்கத்துக் கட்டிலில் அந்தப் பொன்மலைப் பெண்ணுக்குப் போதாமல்தான் போயிற்று, முந்தாநாள் அந்தக் கட்டிலில் பச்சைத் துணி விரித்து வேறொருத்தியைப் படுக்கவைத்துவிட்டார்கள். அப்படி ஏதாவது ஆனால் நான் என்ன எழுதுவேன்? 'என் இல்லத்தரசி இயற்கை எய்தினார்.' அருமையான பதிவு ஐயா என்று வரும். அவன் எழுதுவான், 'அரசி, போயிட்டியேடி.' ஊரே அழும். நானும் அழுவேன், அதைப் படித்துத்தான் எனக்கே அழுகை வரும். சீ. எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். அவள் மேலே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள், நான் கீழே உட்கார்ந்து அவள் சாவுக்கு யாருடைய இரங்கல் நன்றாக இருக்கும் என்று போட்டிவைத்துப் பார்க்கிறேன். மனுஷனா நான்? எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். அவள் இல்லாத வீட்டில் விளக்குப் போடுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தப் பயத்தைத் தனியாகப் பார்க்கத் தைரியமில்லாமல் ஒரு தொப்பைக்காரனின் டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். பொறாமை ஒரு வகையில் சௌகரியம். அதற்கு எதிரே ஒரு ஆள் இருக்கிறான். கொசுவின் மேல் யார் பொறாமைப்பட முடியும்?

கையிலேயே ஃபோன் அடித்தது. மங்கை. பதிவின் மேல் அவள் பேர் வந்து நின்றது.

"ஏங்க, ஆள் வந்துட்டாராமே? சிஸ்டர் சொன்னாங்க." குரல் கம்மிப்போயிருந்தது.

"வந்துட்டாரும்மா. உள்ள எடுத்துக்கிட்டு இருக்காங்க. துவரங்குறிச்சிக்காரர். இன்னும் கொஞ்ச நேரத்துல மேல வந்துரும்."

"பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்தா? அவருக்கு ஏதாச்சும் ஜூஸ் வாங்கிக் குடுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உங்க பதிவைப் பாத்துட்டா வந்தாரு?"

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. கண்ணாடிக்கு உள்ளே காதர் மைதீன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "ஆமாம்மா" என்றேன். நாக்கில் நரம்பில்லை என்பது சரிதான்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிக்கிறாள் என்று பிடிபடவே சற்று நேரம் ஆயிற்று. "பொய் சொல்லாதீங்க. பி எதிர்மறைக் குருதிப் பிரிவினர்னு போட்டா யாருங்க வருவா? படிச்சேன். இங்க சிஸ்டர்கிட்ட காட்டினேன், அவங்களுக்கே புரியல. இது என்ன மேடம், ஏதாவது சர்ச் குரூப்பான்னு கேக்குறாங்க. அதான் நானே பிரிட்டோவுக்கு மெசேஜ் போட்டேன்."

சுந்தரேசன் போனான். என் மைத்துனன், ஓசூர், தினம் பேசுகிற அண்ணன், எல்லாம் போயிற்று. நானே என்றாள். மூன்றாம் மாடியில் படுத்துக்கொண்டு, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, என்னிடம் எத்தனை இட்லி என்று கேட்டுவிட்டு நான் படியிறங்கியதும் ஃபோனை எடுத்திருக்கிறாள்.

"என்னன்னு போட்ட?" என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"என்னத்தப் போடுறது. பிளேட்லெட் வேணும்னு போட்டேன். ஈறுல ரத்தம் வருதுன்னு." நிறுத்தினாள். "பயமா இருக்குடான்னு போட்டேன்."

அவன் எழுதிய டி அவளுக்குப் பதில். அவ்வளவுதான், இவள் டா என்றாள், அவன் டி என்றான். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை, இரண்டு பேர் இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதற்குமேல் அதில் எதுவுமில்லை, அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் வயிற்றெரிச்சல் குறையவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் விரும்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவள் பயந்திருக்கிறாள், அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? நீங்க பயந்துருவீங்க."

"நான் நேத்துலேர்ந்தே பயந்துகிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். குரல் உடைந்தது, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். "கீழ உக்காந்து செத்துக்கிட்டு இருக்கேன் மங்கை. எங்கிட்டயும் சொல்லு."

"எதைங்க?"

"அவன்கிட்ட சொன்னதை. அவன்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு."

வார்டில் யாரோ இருமுவதும், தள்ளுவண்டி உருளுவதும் கேட்டன. நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எனக்கு அந்த டா வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த வயதில், ரத்த வங்கி வாசலில், என் பெண்டாட்டி ஒரே ஒரு தடவை என்னை டா போட்டால் போதும் என்று காத்திருந்தேன். அவள் வாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள்.

"பயமா இருக்குங்க" என்றாள்.